வீட்டிலிருப்போரின் திரை

தமிழகத்தின் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கொட்டகையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டியது, டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கூடாரக் கொட்டகைகள் சிற்றூர்களுக்குப் பரவியது, நகரங்களில் குளிரூட்டப்பட்ட அரங்குகள் எழுந்தது, முதல் நாள் முதல் காட்சி ஒரு திருவிழாவாகவே ஆகிப்போனது என அந்த வரலாறு முழுவதும் பொது இடத்தில், பெருங்கூட்டத்தின் நடுவே நிகழ்கிறது. வீட்டுக்குள் பார்க்கப்பட்ட திரைக்கு அதில் ஓர் ஓரம் மட்டுமே கிடைத்துள்ளது. கிடைத்த அந்த ஓரத்திலும் கொட்டகையின் வருவாயைப் பறிக்க வந்த போட்டியாளர் என்ற அளவிலேயே அது பேசப்படுகிறது.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத நிலை எல்லோருக்கும் பொதுவானபோது, எந்தப் படத்தைப் பார்ப்பது, எந்தத் தொடரைப் பார்ப்பது என்ற கேள்வி திடீரென எல்லாக் குடும்பங்களின் கேள்வியாயிற்று. ஆனால் அக்கேள்வி புதியதன்று. சமையலும் பிள்ளை வளர்ப்பும் வாசலைத் தாண்டவிடாத பெண்கள், முதியோர், நெடுநாள் நோயாளிகள், உடற்குறைபாட்டால் கொட்டகைப் படியேற முடியாதோர் ஆகியோருக்கு அது தலைமுறை தலைமுறையாக இருந்து வந்த கேள்வி. தமிழகத்தில் வீட்டுத்திரை வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதன் நேரம், வடிவம், வணிகம் ஆகிய மூன்றும் இம்மக்களை நோக்கியே அமைந்தன என்பதும், அவர்களை மையமாக வைத்துப் பார்த்தால்தான் அந்த வரலாறு தெளிவாகப் புலப்படும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

காதுவழி வந்த படம்

வீட்டுக்குள் திரைப்படம் முதலில் நுழைந்தது ஒலியாகத்தான். ஒரு முழுநீளப் படத்தின் உரையாடலையும் பாடல்களையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி வானொலி ஒலிபரப்பிய நிகழ்ச்சிக்கு ஒலிச்சித்திரம் என்று பெயர். படத்தைக் கொட்டகையில் பார்த்தவர்கள் காட்சிகளை நினைவிலிருந்து மீட்டுக்கொள்ள, பார்க்காதவர்கள் குரலையும் பின்னணி இசையையும் கொண்டு தாமாகவே காட்சியைக் கற்பனை செய்துகொண்டனர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் 1957-இல் தொடங்கிய விவித் பாரதியும் திரைப்பாடல்களை நாள் முழுதும் வீடுகளில் நிறைத்தன. பின்னர் ஒலிநாடா பரவியபோது, பாடல்களுக்கு நிகராக வசனங்களும் விற்பனைப் பொருளாயின. ‘திருவிளையாடல்’ படத்தின் வசனமும், 1984-இல் வெளிவந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வாதங்களும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் மனப்பாடம் ஆகும் அளவுக்குத் திரும்பத் திரும்ப ஒலித்தன. கைவேலையை நிறுத்தாமலே கேட்கலாம் என்பது இந்த ஒலிவடிவின் பெரிய வசதி. இட்லிக்கு மாவரைத்துக்கொண்டும், பூக்கட்டிக்கொண்டும், பீடி சுற்றிக்கொண்டும் பெண்கள் படத்தைக் கேட்டனர். வேலைக்கு நடுவே, பாதிக் கவனத்தில், ஆனால் விடாமல் தொடர்ந்து பின்பற்றும் இந்த நுகர்வு முறையே பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களின் இலக்கணத்தையும் வகுத்தது.

ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. மறு ஆண்டு ஏப்ரலில் தொலைக்காட்சி அகில இந்திய வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டு தூர்தர்ஷன் என்ற தனி அமைப்பாயிற்று. மாலை நேரத்தில் சில மணி நேரமே ஒளிபரப்பு இருந்த அந்நாட்களில் உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’, நேயர் கடிதங்களுக்கு விடையளித்த ‘எதிரொலி’ ஆகியவற்றோடு, வெள்ளிக்கிழமை மாலைகளில் திரைப்பாடல் காட்சிகளைத் தொகுத்துத் தந்த ‘ஒளியும் ஒலியும்’, வார இறுதியில் ஒரு திரைப்படம் ஆகியவையே பெருங்கூட்டத்தை ஈர்த்தன.

அக்காலப் பெட்டிகள் மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டவை. பல பெட்டிகளுக்கு இருபுறமும் இழுத்து மூடும் மடக்குக் கதவுகள் இருந்தன. சென்னையில் இயங்கிய சாலிடேர், டயனோரா போன்ற நிறுவனங்களின் கருப்பு-வெள்ளைப் பெட்டிகள் நடுத்தர வீடுகளின் கௌரவச் சின்னங்களாயின. தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளிலேயே பெட்டி இருந்ததால் வெள்ளி மாலைகளில் அந்த வீட்டின் கூடம் நிறைந்து, வராந்தா நிறைந்து, சன்னல் கம்பிகளிலும் சிறுவர்கள் தொற்றிக்கொண்டு நின்றனர். காற்றில் கூரைமேல் ஆண்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடியேறி அதைத் திருப்புவதும், கீழே இருப்பவர் படம் தெளிவாகிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பதும் நிகழ்ச்சியோடு சேர்ந்த நடைமுறைகளாயின. யாரைக் கூடத்துக்குள் விடுவது, யாரை வாசற்படியோடு நிறுத்துவது என்பதில் சாதியும் வசதியும் தம் வேலையைக் காட்டின என்பதையும், சில வீடுகளில் சிறுவர்களிடம் சில்லறை வாங்கிக்கொண்டே உள்ளே விட்டனர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இருப்பினும், கணவரோ பிள்ளைகளோ துணைக்கு வந்தாலன்றிக் கொட்டகைக்குச் செல்ல இயலாத ஒரு பெண், பக்கத்து வீட்டுக் கூடத்துக்குத் தனியே சென்று அமரலாம் என்ற நிலை அக்காலத்தில் சிறிய மாற்றமன்று.

1982-இல் ஆகஸ்ட் 15 முதல் நாடு தழுவிய தேசிய ஒளிபரப்பும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி வண்ணப் பெட்டிகளின் விற்பனையைத் தூண்டியது. ஆயினும் தேசிய ஒளிபரப்பு பெரிதும் இந்தியில் அமைந்ததால், தமிழ் வீடுகளில் இரவு நேரத்தின் பெரும்பகுதி புரியாத மொழிக்குப் போயிற்று. பல மொழிப் பாடல்களைக் கலந்து தந்த ‘சித்ரமாலா’வில் ஒரே ஒரு தமிழ்ப் பாடலுக்காகக் காத்திருப்பதும், ஞாயிறு பிற்பகலில் வரிசை முறையில் ஒளிபரப்பான மாநில மொழிப் படங்களில் தமிழின் முறை எப்போது வரும் என்று எதிர்பார்ப்பதும் அக்காலத் தமிழ்ப் பார்வையாளரின் வழக்கங்கள். 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’, 1988 அக்டோபரில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ ஆகிய இரண்டும் இந்தத் தடையைத் தாண்டின. கதை முன்பே தெரிந்திருந்ததால் மொழி தெரியாத முதியோரும் ஞாயிறு காலைகளில் பெட்டியின் முன் அமர்ந்தனர்.

தமிழுக்கான இந்தப் பசி கடலையும் கடந்தது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டியும், அலையை வலுப்படுத்தும் பூஸ்டர் என்ற கருவியைப் பொருத்தியும் பலர் பார்த்தனர். அதேபோல யாழ்ப்பாணத்தில் இருந்தோர் தூர்தர்ஷனை எட்டிப் பிடித்தனர். 1990-க்குப் பின் உள்நாட்டுப் போரின் நடுவே மின்சாரமே இல்லாதுபோன யாழ்ப்பாணத்தில், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு, வீட்டுக்குள் அடைபட்டிருத்தல் என்பதன் பொருள் பிற்காலத்துப் பெருந்தொற்று ஊரடங்கைக் காட்டிலும் பன்மடங்கு கடுமையானது.

டெக் வந்த இரவு

தூர்தர்ஷன் தருவதைப் பார்க்கும் நிலையிலிருந்து, வேண்டியதைத் தேர்ந்து பார்க்கும் நிலைக்கு வீட்டை உயர்த்திய கருவி, காணொளி நாடாவை ஓட்டும் வி.சி.ஆர். ஜப்பானில் சோனியின் பீட்டாமேக்ஸ் முறை 1975-இலும் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முறை 1976-இலும் அறிமுகமாயின. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த பெட்டிகளோடும், பர்மாவிலிருந்து திரும்பியோரின் வாழ்வாதாரத்துக்காக 1969-இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் அமைந்த பர்மா பஜார் போன்ற சந்தைகள் வழியாகவும் இக்கருவி தமிழகத்தில் பரவியது. வழக்கில் அதற்கு ‘டெக்’ என்று பெயர்.

சொந்தமாக வாங்கியவர்கள் சிலரே. வாடகைக்கு எடுத்தவர்களே பலர். காதுகுத்து, பூப்பு நீராட்டு, திருமணத்துக்கு முந்தைய இரவு, கோயில் கொடை என ஏதேனும் ஒரு காரணம் பற்றி, வீட்டாரும் அண்டை அயலாரும் பணம் சேர்த்து, வீடியோ கடையிலிருந்து வண்ணத் தொலைக்காட்சியும் டெக்கும் மூன்று கேசட்டுகளும் கொண்டுவரச் செய்வர். கடைப் பையன் கம்பிகளை இணைத்து, திரையில் ஓடும் வெள்ளைக் கோடுகள் மறையும் வரை ‘டிராக்கிங்’ எனப்பட்ட குமிழைத் திருகி, படம் மங்கினால் மூடியைக் கழற்றி நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியைப் பஞ்சால் துடைத்து, விடியும் வரை அருகிலேயே அமர்ந்திருப்பான். முதலில் முதியோருக்காக ஒரு பக்திப் படம், அடுத்து அனைவருக்கும் ஒரு குடும்பப் படம், நள்ளிரவுக்குமேல் விழித்திருக்கும் இளைஞர்களுக்காக ஒரு சண்டைப் படம் என்ற வரிசை பல ஊர்களில் எழுதப்படாத ஒழுங்காயிற்று. இன்ன படத்தை இன்னார் இன்ன வேளையில் பார்க்கலாம் என வீடு தானே வகுத்துக்கொண்ட முதல் நிகழ்ச்சி நிரல் என்று இதைக் கொள்ளலாம்.

கொட்டகை உரிமையாளர்களுக்கும் வீட்டுத்திரைக்கும் இடையிலான நெடும் பூசலும் இங்கேதான் தொடங்கியது. வெளிநாட்டு உரிமைக்காகத் தயாரான நாடாக்கள் படம் கொட்டகையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊருக்குத் திரும்பி வந்து பிரதியாயின. தமிழக அரசு 1984-இல் வி.சி.ஆர். மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது; அதே ஆண்டு நடுவண் அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திக் காணொளிப் படங்களை அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. நாடாவுக்குப் பதில் குறுவட்டு வந்த பின் ‘திருட்டு விசிடி’ என்ற பெயரில் அப்பூசல் வளர்ந்து, 2004-இல் காணொளித் திருட்டில் ஈடுபடுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் அடைக்க வகைசெய்யும் திருத்தம் வரை சென்றது. சட்டத்தின் பார்வையில் இது சொத்துத் திருட்டு. அந்தக் குறுவட்டைப் பார்த்தவர்களில், கொட்டகைக்கு ஒருநாளும் போகமுடியாத படுக்கை நோயாளிகளும் இருந்தனர் என்பது அதே உண்மையின் மறுபக்கம்.

கம்பிவழி வந்த தமிழ்

எண்பதுகளின் இறுதியில், டெக் ஒன்றை ஒரே இடத்தில் ஓட்டி, அதன் படத்தைக் கம்பி வழியே சுற்றியுள்ள வீடுகளுக்கு அனுப்பும் முறை எழுந்தது. கேபிள்காரர் எனப்பட்ட இவ்வூர்த் தொழில்முனைவோர் மாதக் கட்டணம் பெற்று நாள்தோறும் இரண்டு மூன்று படங்களை ஓட்டினர். நடுவே உள்ளூர் நகைக்கடை, துணிக்கடை விளம்பரங்கள் வந்தன. 1990-இல் கலாநிதி மாறன் தொடங்கிய ‘பூமாலை’ என்ற காணொளி மாத இதழ், வாசிப்பதற்குப் பதில் டெக்கில் போட்டுப் பார்க்கும் பத்திரிகையாக வெளிவந்தது. 1991-இல் ஸ்டார் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே ஆசியாவுக்கு வந்தபோது, தெருவெங்கும் ஏற்கெனவே இழுக்கப்பட்டிருந்த இக்கம்பிகள் அதை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி நாளொன்றுக்குச் சில மணி நேர ஒளிபரப்புடன் தொடங்கி விரைவில் வளர்ந்ததற்கு, தேசிய ஒளிபரப்பு பத்தாண்டுகளாக நிரப்பாமல் விட்டிருந்த தமிழ் வெற்றிடமும், ஆயத்தமாக இருந்த இந்தக் கம்பி வலையும் இணைந்த காரணங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ராஜ், விஜய், ஜெயா ஆகிய அலைவரிசைகளும், திரைப்படங்களுக்கென்றே கே டிவியும் வந்தன.

செயற்கைக்கோள் அலைவரிசைகளின் நிலையான படைப்பு நெடுந்தொடர். தூர்தர்ஷனில் தொடர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் முடிபவையாக இருந்தன, கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ அத்தகையது. தனியார் அலைவரிசைகளின் தொடக்க ஆண்டுகளிலும், நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ போன்ற செறிவான முயற்சிகளுக்கு இடமிருந்தது. 1999 டிசம்பரில் ராதிகா நடித்த ‘சித்தி’ தொடங்கி இரண்டாண்டுகள் ஓடியபின், வாரத்தின் பெரும்பாலான நாட்களிலும் வந்து ஆண்டுக்கணக்கில் நீளும் வடிவம் உறுதிப்பட்டது. திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ (2002–2005) ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் கதையைச் சொல்லியது. தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை நீண்டது.

அறிவுலகம் இத்தொடர்களை இகழ்ந்தே பேசியிருக்கிறது. மாமியார் கொடுமை, பழிவாங்கல், முடியாத அழுகை ஆகியவை பற்றிய குற்றச்சாட்டுகளில் உண்மை உண்டு. ஆனால் இவற்றின் கட்டமைப்பைக் கூர்ந்து நோக்கினால், வீட்டில் வேலை செய்துகொண்டே பார்ப்பவரின் நாள் அதில் பதிந்திருப்பது தெரியும். ஒரே செய்தியைப் பாத்திரங்கள் மீண்டும் மீண்டும் பேசுவது, அடுப்படிக்குச் சென்று திரும்புபவர் கதையைத் தவறவிடாமல் இருப்பதற்காக. கண்ணை எடுத்தாலும் காதால் பின்தொடர முடிவதற்காகவே ஓங்கி ஒலிக்கும் பின்னணி இசை. சமையல் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய இடைவெளியையும், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பிற்பகலையும் குறிவைத்தே ஒளிபரப்பு நேரங்கள் அமைந்தன. ஒலிச்சித்திரம் வகுத்த அதே நுகர்வு முறை இங்கே பெருந்தொழிலாயிற்று. பெண்களின் ஓய்வுநேரத்துக்கு விலை உண்டு என்று விளம்பர உலகம் கண்டுகொண்டதும், வரதட்சணை, விவாகரத்து, சொத்துரிமை போன்றவை வீட்டுக்கூடத்தில் எல்லோர் முன்னும் பேசப்பட்டதும் இவ்வடிவத்தால் நேர்ந்த இரு விளைவுகள்.

2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அதன் அரசியல் நோக்கம் பற்றிய விவாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, தேர்தல் வாக்குறுதி அளிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கையாகாது என்று 2013-இல் தீர்ப்பாயிற்று. சமூக வரலாற்றில் அத்திட்டத்தின் இடம் வேறு: அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்க்கவேண்டிய தேவை குடிசை வரை ஒழிந்தது. வாசற்படியில் நேர்ந்த அவமதிப்பு நீங்கியதோடு, தெரு ஒன்றாகக் கூடிய கூடமும் மறைந்தது.

எல்லோரும் வீட்டிலிருந்த காலம்

கொட்டகையைத் தவிர்த்துப் படத்தை நேரே வீட்டுக்கு அனுப்பும் முயற்சி பெருந்தொற்றுக்கு முன்பே நடந்தது. 2013-இல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தைக் கூரைத்தட்டு மூலம் அலைபெறும் டி.டி.எச். சேவையில் முன்கூட்டியே வெளியிட முனைந்தபோது கொட்டகை உரிமையாளர்கள் எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. 2015-இல் சேரன் ‘சினிமா டு ஹோம்’ என்ற திட்டத்தின் வழியே ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைக் குறுவட்டாக வீடுகளுக்கே விற்றார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் ஆகிய ஓடிடி தளங்கள், அதாவது இணையம் வழியே வேண்டியபோது படம் தரும் சேவைகள், அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்தன.

2020 மார்ச் 17 அன்று தமிழகக் கொட்டகைகள் மூடப்பட்டன. அதே வாரத்தில் படப்பிடிப்புகளும் நின்றன. புதிய பகுதிகள் இல்லாத அலைவரிசைகள் தம் சேமிப்பைத் திறந்தன. தூர்தர்ஷன் மார்ச் 28 முதல் ‘ராமாயண்’ தொடரை மறு ஒளிபரப்புச் செய்து, ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தது. சன் தொலைக்காட்சியில் ‘மெட்டி ஒலி’ திரும்பி வந்தது. முன்பு அதைத் தாயோடு அமர்ந்து பார்த்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளோடு பார்த்தனர். எண்ணற்ற புதிய படங்கள் கைபேசியில் கிடைத்த காலத்தில் மக்கள் முடிவு தெரிந்த பழைய கதைகளை நாடியதற்கு, நாளை என்ன நேரும் என்று தெரியாத அச்சமே பெருங்காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானபோது 1984-இன் பூசல் அதே சொற்களில் மீண்டும் எழுந்தது. தயாரிப்பாளரின் மற்றப் படங்களைத் திரையிட மாட்டோம் என்றனர் கொட்டகை உரிமையாளர்கள். தொடர்ந்து ‘பெண்குயின்’, ‘சூரரைப் போற்று’ ஆகியவை அவ்வழியே வந்தன. அக்டோபரில் வந்த ‘புத்தம் புது காலை’ என்ற ஐந்து குறும்படங்களின் தொகுப்பு, ஊரடங்கையே களமாகக் கொண்டு ஊரடங்குக் காலத்திலேயே படமாக்கப்பட்டது. நவம்பர் 10 அன்று கொட்டகைகள் பாதி இருக்கைகளுடன் திறந்தன. 2021 ஜனவரி 13 அன்று ‘மாஸ்டர்’ கூட்டத்தைத் திரும்ப அழைத்து வந்தது, ஆனால் பதினாறே நாளில் அப்படமும் வீட்டுத்திரைக்கு வந்தது. ஏப்ரல் மாதத்தில் ‘மண்டேலா’ நேரடியாக விஜய் தொலைக்காட்சியில் வெளியானது. ஓடிடிக்குச் சந்தா கட்ட இயலாத வீடுகளையும் ஒரு புதிய படம் முதல் நாளிலேயே எட்ட முடியும் என்பதை அது காட்டியது.

ஊரடங்கு நீங்கியதும் வேலைக்குச் செல்வோர் வேலைக்கும், கொட்டகைக்குச் செல்வோர் கொட்டகைக்கும் திரும்பினர். முன்பு வீட்டில் இருந்தவர்கள் வீட்டிலேயே இருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் உண்மையானது: கொட்டகைக்கு வந்த படம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்காமல் வாரக்கணக்கில் வீட்டுக்கு வருகிறது. குறைகளும் உண்மையானவை: சந்தாக்கள் பலவாகப் பெருகிவிட்டன, கைபேசியின் சிறு எழுத்தும் கடவுச்சொல்லும் முதியோரை மிரட்டுகின்றன, பார்வையற்றோருக்குக் காட்சியை விளக்கும் ஒலிக்குறிப்பு தமிழ்ப் படங்களில் அரிது. இவர்களைக் கருத்தில் கொள்ளாமல் வீட்டுத்திரையின் எதிர்காலம் பேசப்படுகிறது. இவர்களின் நினைவுகளைத் திரட்டாமல் அதன் கடந்தகாலமும் எழுதப்படுகிறது. கொட்டகைகளின் சுவரொட்டிகளும் பாட்டுப் புத்தகங்களும் சேகரிக்கப்பட்டு ஆவணமாகியுள்ளன. டெக் வாடகைக்குக் கொடுத்த கடைகளின் கணக்கேடுகள், கேபிள்காரர்களின் அனுபவங்கள், தொடர் முடியும் வரை அடுப்பை அணைத்து வைத்த பெண்களின் வாய்மொழிகள் ஆகியவை அத்தகைய கவனத்தைப் பெற வேண்டும். அவற்றை அறிந்தோர் உயிரோடிருக்கும் இத்தலைமுறையிலேயே அப்பணி தொடங்கியாக வேண்டும்.